கோணாத வெட்டு

உவர்மலை,
திருகோணமலை.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. முழங்கால் நோவு குறைந்தது என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். இங்கே கச்சான் காற்று பிடித்து ஆட்டுகிறது. மத்தியானத்தில் வெளியே தலைகாட்ட முடியாது. கோட்டைப் பக்கத்து மான்கள்கூட நிழலை விட்டு அசைவதில்லை. நான் மட்டும் பின் முற்றத்தில் மரத்தூளோடு நிற்கிறேன். வீட்டுக்காரிக்கு அது பெரிய குறை.

மகள் வாங்கித் தந்த, கரண்டில் ஓடும் வட்ட வாளைப் பற்றிக் கேட்டிருந்தாய். 7¼ அங்குல பிளேட் போட்டது. புத்தக அலுமாரி ஒன்று செய்யலாம் என்று 18 மில்லிமீற்றர் பிளைவுட் வாங்கினேன். பென்சிலால் கோடு போட்டு, கண்ணை நம்பி அரிந்தேன். நாலடி போய்ச் சேர்வதற்குள் அரை அங்குலம் விலகிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் எட்டிப் பார்த்து, "திருகோணமலையான் அரிந்தால் கோணாமல் இருக்குமோ" என்றார். அவரை என்ன செய்வது!

அப்பாவுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. நூலில் கரி தடவி, இரண்டு முனையையும் இழுத்துப் பிடித்து ஒரு சுண்டு சுண்டுவார். பிறகு கைவாளை ஆறுதலாக இழுப்பார். கைவாள் விலகினால் அடுத்த இழுப்பில் திருத்திவிடலாம். வட்ட வாள் அப்படி இல்லை. விலகிய பிளேட்டைத் திருப்பப் பார்த்தால் வெட்டுக்குள்ளேயே இறுகி, வாள் ஆளை நோக்கிப் பின்னால் துள்ளும். எனக்கு ஒருமுறை துள்ளியது. அன்றைக்கே கையால் ஓட்டுவதை விட்டுவிட்டு, வாள் ஓட ஒரு தடம் செய்யத் தொடங்கினேன்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அடியில் 6 மில்லிமீற்றர் பிளைவுட் துண்டு, ஐந்தடி நீளம். அதன்மேல் ஒடுக்கமான இன்னொரு பலகையை நேராக ஒட்டி, அடியிலிருந்து திருகாணி போட வேண்டும். வாளின் அடித்தகடு இந்த மேல் பலகையில் உரசிக்கொண்டு ஓடும். அடிப்பலகையை முதலில் வேண்டுமென்றே கொஞ்சம் அகலமாக விட்டுவிடு. பசை காய்ந்த பிறகு வாளை மேல் பலகையோடு அணைத்து ஒரே ஓட்டாக ஓட்டினால், மிஞ்சியிருந்த அகலத்தை வாளே அரிந்து தள்ளிவிடும். இனி அந்த விளிம்புதான் பிளேட் போகும் இடம். பென்சில் கோட்டில் விளிம்பை வைத்து, கிளாம்ப் பூட்டி, அரிய வேண்டியதுதான். அடித்தகட்டுக்கும் பிளேட்டுக்கும் எத்தனை அங்குலம் என்று ஒவ்வொரு தடவையும் அளந்து கழிக்கும் வேலை இல்லை. எனக்கு இதில் பிடித்ததே இதுதான் மச்சான், வாள் தன் அடிமட்டத்தைத் தானே வெட்டிக்கொள்கிறது.

ஆனால் முதல் தடம் குப்பைக்குப் போனது. மேல் பலகைக்குக் கூரையில் மிஞ்சிய சிலாகையை எடுத்திருந்தேன். பார்வைக்கு நேர்தான். அரிந்த பலகைகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. அப்புறம்தான் சோதித்தேன். விளிம்போடு ஒரு கோடு கீறி, பலகையைக் குப்புறப் புரட்டி, அதே இரண்டு புள்ளிகளில் வைத்து மறுபடி கீற வேண்டும். வளைவு இருந்தால் இரண்டு கோடுகளுக்கும் நடுவே இரண்டு மடங்காகத் தெரியும். இரண்டாவது தடத்துக்கு பிளைவுட்டின் ஆலை வெட்டிய விளிம்பையே எடுத்தேன். அது சரி.

இரண்டாவதிலும் ஒரு பிழை. மேல் பலகைக்குப் பின்னால் இடம் விடவில்லை. கிளாம்பை வாள் ஓடும் பக்கமே பூட்டியதில், பாதி வழியில் மோட்டார் அதில் முட்டி நின்றுவிட்டது. நீ செய்தால் பின்பக்கம் நாலு விரலாவது விடு. கிளாம்புகளும் என்னுடையவை அல்ல, கிண்ணியாவிலுள்ள தம்பி ஒருவனிடம் இரவல். நாங்கள் அந்தத் துறையில் பாதைப் படகுக்காக வெயிலில் காத்துக் கிடந்தது நினைவிருக்கிறதா? 2009இல் பாலம் திறந்த பிறகு காலைத் தேத்தண்ணீர் ஆறுவதற்குள் போய் வந்துவிடலாம்.

பிளேட்டின் பல் கீழிருந்து மேலே வருவதால் சிலும்பு மேல் முகத்தில்தான் எழும்பும். தடத்தின் விளிம்பு அழுத்தியிருக்கும் பக்கம் சுத்தமாக வரும், மற்றப் பக்கம் பிய்யும். அதனால் நல்ல முகத்தைக் கீழே போடு. தடத்தின் 6 மில்லிமீற்றரையும் சேர்த்து ஆழம் வை. கீழே நாலு சிலாகை பரப்பிக்கொள், வெட்டின இரண்டு துண்டும் தொங்காமல் இருந்தால் பிளேட் இறுகாது. இன்னொன்று, வேறு தடிப்புள்ள பிளேட் மாற்றினால் அந்த விளிம்பு பொய் சொல்லும். என் தடத்தில் எந்தப் பிளேட் என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.

எட்டடி நெடுக்கு வெட்டுக்கு நான் தடம் செய்யவில்லை. அதற்கு எட்டடியைவிட நீளம் வேண்டும், எட்டடிப் பலகையில் அது வராது. பொருத்தி நீட்டினால் பொருத்தில் கோணும். கடையிலேயே நெடுக்காக அரிந்து வாங்கிவிட்டேன்.

அலுமாரி நிற்கிறது, கதவுதான் பாக்கி. மாரிக்கு முன் தடத்துக்கு இரண்டு பூச்சு வார்னிஷ் அடித்துச் சுவரில் தொங்கவிட வேண்டும், ஈரத்தில் முறுகிவிடும்.

தைப்பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய். பனங்கட்டி கொண்டுவராவிட்டாலும் பரவாயில்லை. வீடு கட்டும்போது அப்பாவிடம் நூல் கட்டை இரவல் வாங்கினாயே, அதைக் கொண்டுவா.

அன்புடன்,
உன் மச்சான்