நிறைவேறாத பயணங்களையும் வாசித்துக் காட்டிய ஐயாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

என் கோப்புகளும் படங்களும் நாசமான அந்த வாரம் என்ன ஆனது என்று திரும்ப எழுதப் போவதில்லை. உங்களுக்கே தெரியும், பாதிப் பேர் என்னைவிட அதிகமாகப் பதறினீர்கள். போனது போக எவ்வளவு மிஞ்சியது என்று இன்று காலைதான் முழுதாகப் பார்த்து முடித்தேன். இந்திய விமானப்படையின் போக்குவரத்து ஸ்குவாட்ரன்களை, அதாவது ஆளும் சுமையும் ஏற்றிப் போகும் விமானப் பிரிவுகளை, பற்றிச் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதி கைக்கு வந்துவிட்டது. இன்னும் படபடப்பு அடங்கவில்லை, அதனால் கடிதம் கொஞ்சம் முன்னும் பின்னுமாகத்தான் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எப்போதோ என்னிடம் வாங்கிய பிரதிகளைத் தேடிப் பிடித்துத் திருப்பி அனுப்பியவர்கள், உயிர் போன ஹார்ட் டிஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு ராத்திரி முழுக்க மல்லுக்கட்டிவிட்டு ஒரு பைசா வாங்க மறுத்த தம்பி, ஒட்டிக்கொண்ட புகைப்படங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மின்விசிறிக்கு அடியில் காயவைத்த தோழிகள், அப்பாவின் ஆல்பத்தை நம்பி என்னிடம் கொடுத்த பிள்ளைகள், ஒன்றும் செய்ய முடியாவிட்டாலும் "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டுவிட்டு போனை வைத்தவர்கள், எல்லோருக்கும் நன்றி. தனித்தனியாக எழுத வேண்டும்தான். எழுதுவேன்.

உங்களால்தான் பெரிய நாள்கள் எல்லாம் திரும்பி வந்தன. 1947 அக்டோபர் 27 அன்று 12-ஆம் ஸ்குவாட்ரனின் டகோட்டா விமானங்கள் டில்லியிலிருந்து ஸ்ரீநகருக்குப் படைவீரர்களை ஏற்றிப் போன கதை, 1962-இல் 44-ஆம் ஸ்குவாட்ரனின் ஏ.என்.-12 விமானங்கள் லடாக்கின் சுஷூலுக்கு டாங்கிகளைத் தூக்கிப் போன கதை, 1987 ஜூன் 4 அன்று யாழ்ப்பாணத்தின் மேல் ஐந்து ஏ.என்.-32 விமானங்கள் நிவாரணப் பொருள்களைப் போட்ட கதை, 2013 ஜூன் 25 அன்று கேதார்நாத் மீட்புப் பணியில் இருந்த ஹெலிகாப்டர் விழுந்து இருபது பேர் இறந்த துயரம், எல்லாம் பத்திரம். ஸ்குவாட்ரன் பெயர்களின் பட்டியலும் வந்துவிட்டது. எனக்கு அந்தப் பட்டியலில் தனி ஆசை. போர் விமான ஸ்குவாட்ரன்கள் புலி, குத்துவாள், தோட்டா என்று பெயர் வைத்துக்கொள்ளும்போது, 12-க்கு யாக் எனும் பனிமலை எருது, 48-க்கு ஒட்டகம், 43-க்கு ஐபெக்ஸ் எனும் மலையாடு, 11-க்கு காண்டாமிருகம். சூலூரில் இருக்கும் 33-ஆம் ஸ்குவாட்ரன், காரிபூ விமானங்கள் போய் ஏ.என்.-32 வந்து எத்தனையோ வருடம் ஆன பின்னும் 'காரிபூ' என்ற பெயரை விடவில்லை. சுமை தூக்குகிறவர்கள் தங்களைப் பற்றி வைத்திருக்கும் நகைச்சுவை இது என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனால் பெரிய நாள்களை யாராவது எங்காவது எழுதி வைத்திருப்பார்கள். தொலைந்தாலும் திரும்பத் தேடிக்கொள்ளலாம். நான் கைகழுவியிருந்தது வேறொன்றை. ஏர் மெயின்டனன்ஸ் என்று விமானப்படையில் சொல்வார்களே, சாலையே இல்லாத மலைக் காவல் முகாம்களுக்கு அரிசியும் பருப்பும் மண்ணெண்ணெயும் வருடக்கணக்கில் வானத்திலிருந்து போட்ட அன்றாட வேலை, அது. அதற்கு நான் எடுத்து வைத்திருந்த குறிப்புகள் மொத்தமாகப் போய்விட்டன. யாரிடமும் கேட்கக்கூடத் தோன்றவில்லை.

அப்போதுதான் அந்த ஐயா கூப்பிட்டார். பெயரும் ஸ்குவாட்ரனும் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார், அதனால் ஐயா என்றே எழுதுகிறேன். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. டகோட்டாவில் ஃப்ளைட் சிக்னலராக, அதாவது வானொலித் தொடர்பைப் பார்ப்பவராக இருந்தவர், வடகிழக்கு மலைகளில் பறந்தவர். "தம்பி, என்கிட்ட லாக் புக் இருக்கு. கூரியர்ல எல்லாம் அனுப்ப மாட்டேன். போட்டோ எடுக்கத் தெரியாது. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதிக்கோங்க" என்றார். அவ்வளவுதான். நலம் விசாரிப்பு, ஆறுதல், ஒன்றும் கிடையாது. லாக் புக் என்றால் பறந்த ஒவ்வொரு பறப்பையும் பதிந்து வைக்கும் ஏடு.

அதற்கப்புறம் இரவுச் செய்தி முடிந்ததும் போன் வரும். தேதி, விமான எண், கேப்டன் பெயர், பணி, பறந்த நேரம். ஒவ்வொரு கட்டமாக, டெலிகிராம் படிக்கிற மாதிரி. ஒரு வரியையும் விடமாட்டார். சும்மா மேலே ஏறி இறங்கிய சோதனைப் பறப்புகளை விட்டுவிடலாமே ஐயா என்றேன். "அன்னைக்கு இன்ஜின் சரியா ஓடுதான்னு ஏறிப் பாத்தோம். அதனாலதான் மறுநாள் பள்ளத்தாக்குக்குள்ள போனோம். எழுதுங்க" என்றார். எழுதினேன்.

அவர் குரல் மாறுவது ஒரே இடத்தில்தான். லாக் புக்கின் கடைசிக் கட்டத்தில் டி.சி.ஓ. என்று இருந்தால் பணி முடிந்தது. டி.என்.சி.ஓ. என்றால் பணி நிறைவேறவில்லை. முந்தையதைக் கடகடவென்று படித்துப் போவார். பிந்தையது வரும்போது நிறுத்துவார். "மேகம் இறங்கிடுச்சு. சாமானோட திரும்பி வந்தோம்" என்பார். இன்னொரு நாள், "எங்க போடணும்னு காட்ட, கீழ வெள்ளைத் துணியை டி எழுத்தாட்டம் விரிச்சு வச்சிருந்தாங்க. பாத்தோம். மூணு சுத்து சுத்தினோம். பள்ளத்தாக்குக்குள்ள இறங்க முடியல" என்றார். கீழே நின்றவர்கள் விமானச் சத்தத்தைக் கேட்டிருப்பார்கள். சத்தம் குறைந்து குறைந்து போவதையும் கேட்டிருப்பார்கள். அவர் அதைச் சொல்லவில்லை, நான்தான் யோசித்தேன். அடுத்த வரி மறுநாள் அதிகாலை. அதே இடம், அதே பணி. மலைப்பகுதியில் பகல் ஏற ஏறக் காற்றும் மேகமும் கூடிவிடும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுவார்களாம். கடைசிக் கட்டத்தில் டி.சி.ஓ. அதை மட்டும் கொஞ்சம் சத்தமாகப் படிப்பார்.

ஸ்குவாட்ரன் வரலாறுகள் பொதுவாக டன் கணக்கில் பேசும். இத்தனை மணி நேரம் பறந்தார்கள், இத்தனை டன் இறக்கினார்கள் என்று ஆண்டுவாரியாக இருக்கும். சாமானோடு திரும்பி வந்த நாள் அந்தக் கணக்கில் பூஜ்யம். அந்த நாளிலும் அதே மலைச் சுவர்களுக்கு நடுவே அதே உயரத்தில் போனார்கள், அதே பெட்ரோல் எரிந்தது, அதே ஆபத்து இருந்தது. என் கோப்புகள் தொலையாமல் இருந்திருந்தால் இந்த வரிகள் என்னிடம் வந்திருக்கவே வந்திருக்காது. இதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

ஒரு நாள், குழுவினர் பெயர் என்று யார் யாரைப் போடலாம் என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. "லாக் புக்ல எங்க பேர் இருக்கு. கதவுகிட்ட நின்னு மூட்டையைத் தள்ளினவங்க பேர் இல்ல" என்றார். எஜெக்‌ஷன் க்ரூ. அவர்கள் விமானப்படைக்காரர்களே அல்ல, தரைப்படையின் வழங்கல் பிரிவு ஆட்கள். கழற்றிவிட்ட கதவோரம் நிற்பார்கள், மணி அடித்ததும் தள்ளுவார்கள். பள்ளத்தாக்கின் மேல் ஒரு சுற்றில் சில மூட்டைகள்தான் போட முடியும், அதற்குள் இலக்கு தாண்டிவிடும். திரும்ப ஒரு சுற்று, திரும்பத் தள்ளல். பாராசூட் இல்லாமல் போடும் அரிசியை இரட்டைச் சாக்கில் கட்டுவார்கள், உள்சாக்கு கிழிந்தாலும் தளர்வான வெளிச்சாக்கு தாங்கிக்கொள்ளும். மண்ணெண்ணெய்க்குப் பாராசூட். இதையெல்லாம் ஐயா சொன்ன விதத்தில், அந்தச் சாக்குத் தூசி மூக்கில் ஏறுகிற மாதிரி இருந்தது. "பனியில வேர்த்து நிப்பானுங்க தம்பி" என்றார், அவ்வளவு அன்பாக.

அதனால் ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். திரும்ப எழுதப்போகும் என் ஸ்குவாட்ரன் வரலாற்றின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் நிறைவேறாத பயணங்களுக்குத் தனிப் பட்டியல் இருக்கும். பெயர் தெரியாத இடத்தில் 'எஜெக்‌ஷன் க்ரூ, தரைப்படை' என்றாவது ஒரு வரி இருக்கும், காலியாக விடமாட்டேன். ராத்திரியோடு ராத்திரியாக இன்ஜினை மாற்றிக் காலையில் விமானத்தைக் கொடுத்த தரைப்பணியாளர்களுக்கும் அதே போல. பக்கம் கூடும், அச்சுச் செலவு கூடும், சரி, பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பரணில் யாருடைய லாக் புக்காவது கிடந்தால், எனக்கு அனுப்ப வேண்டாம். நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படம் எடுங்கள், கடைசிக் கட்டம் வெட்டுப்படாமல். பிரதிகளை இரண்டு மூன்று இடங்களில் வையுங்கள். இதை நான் சொல்லித்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை, இருந்தாலும் சொல்கிறேன்.

ஐயா, உங்கள் பேத்தி இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறாள். முதல் லாக் புக்கைச் சுத்தமாகப் படியெடுத்துவிட்டேன். விமான எண்ணில் இரண்டு இடத்தில் சந்தேகம் இருக்கிறது, போனில் கேட்டுக்கொள்கிறேன். இரண்டாவது லாக் புக்கை என்றைக்கு ஆரம்பிக்கலாம் என்று சொல்லுங்கள். செய்தி முடிந்ததும்தான் கூப்பிடுவீர்கள் என்று தெரியும், நோட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.