செயின்ட் லூயிஸிலிருந்து கோமதிக்கு

அன்புள்ள கோமதிக்கு,

உன் கடிதமும் வளைகாப்புப் படங்களும் வந்து சேர்ந்தன. பட்டுப்புடவையில் உன் மகள் அப்படியே உன் அம்மா ஜாடை. பிரசவத்துக்கு உன்னிடம்தானே வருகிறாள்? இங்கே நாங்கள் எல்லாரும் சௌக்கியம். இவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஏழைகளுக்கு வீடு வேண்டுமென்றால் அரசாங்கமே கட்டலாமே, பணம் இருக்கிறவனுக்கு எதற்கடி வரியைக் குறைக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். ஆடிட்டர் ஆபீஸில் இருந்தவள் நீ, கேட்காமல் இருப்பாயா!

அரசாங்கமே ஏழைகளுக்கு வீடு கட்டிப் பார்த்த ஊர்தான் இந்த செயின்ட் லூயிஸ். 1950-களில் புரூயிட்-ஐகோ என்று 11 மாடிக் கட்டடங்கள் 33 எழுப்பினார்கள். கட்டுவதற்கு அமெரிக்க ஒன்றிய அரசு பணம் கொடுத்தது. பராமரிப்பைக் குடியிருப்பவர்களின் வாடகையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. ஏழைகளின் வாடகையில் எத்தனை லிஃப்டைப் பழுதுபார்க்க முடியும்? 1972-இல் வெடிவைத்து இடிக்கத் தொடங்கி, 1976-க்குள் எல்லாவற்றையும் தரைமட்டமாக்கினார்கள். பழியை அங்கே வாழ்ந்தவர்கள் மேல் போட்டதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

1986-இல் ஜனாதிபதி ரீகன் காலத்து வரிச் சட்டத்தில் டேக்ஸ் கிரெடிட் வந்தது, அதாவது கட்ட வேண்டிய வரியிலிருந்தே நேராகக் கழித்துக்கொள்ளும் சலுகை. குறைந்த வாடகை வீடு கட்டுகிறவருக்கு கிரெடிட் கிடைக்கும். அதைக் கழித்துக்கொள்ளும் அளவுக்கு அவருக்கு வரி இருக்காது. அதனால் வங்கி போன்ற பெரிய வரிதாரரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்வார், பெரும்பாலும் 99.99 சதவீதப் பங்கு அவர்களுக்குத்தான். அவர்கள் முதலிலேயே பணத்தைப் போட்டுவிட்டு, 10 வருஷம் தங்கள் வரியில் கழித்துக்கொள்வார்கள். முதல் 15 வருஷத்துக்குள் விதி மீறினால் வாங்கிய சலுகையில் ஒரு பகுதியைத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்தப் பயத்தில் கூரை ஒழுகுகிறதா என்று வங்கியே ஆள் அனுப்பிப் பார்க்கிறது. புரூயிட்-ஐகோவுக்கு அப்படிக் கவலைப்பட யாரும் இருந்ததில்லை.

ஒன்றிய அரசின் கிரெடிட் மட்டும் போதாமல், பல மாநிலங்கள் தங்கள் பங்குக்கும் கொடுக்கின்றன. எங்கள் மிசௌரி 1990-லேயே தொடங்கிவிட்டது, ஒன்றிய அரசு கொடுப்பதற்குச் சமமாகக்கூட. ஆனால் 2014-இல் மாநிலத் தணிக்கையாளர் கணக்குப் பார்த்தபோது, மாநிலம் விட்டுக்கொடுக்கும் ஒவ்வொரு டாலரிலும் 42 சென்ட்தான் கட்டடத்துக்குப் போகிறது என்று தெரிந்தது. காரணம் உனக்குப் புரியும். பத்து வருஷம் தவணையாக வரப்போகும் பணத்துக்கு இன்றைக்கு யார் முழு விலை கொடுப்பார்கள்? மாநில வரி குறைந்தால், ஒன்றிய வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழிப்பதும் குறைந்து அங்கே வரி ஏறும். அதையும் கணக்கிட்டுத்தான் விலை பேசுவார்கள். நடுவில் இருப்பவர்களின் கமிஷன் வேறு.

இதைக் காட்டி 2017 கடைசியில் மாநில கிரெடிட்டையே நிறுத்திவிட்டார்கள். குழாய் கசிகிறது என்று மோட்டாரை அணைத்தால் தண்ணீர் எங்கிருந்து வரும்? 2020-இல்தான் மீண்டும் கொடுக்கத் தொடங்கினார்கள், ஒன்றிய கிரெடிட்டில் 70 சதவீதம் வரை என்ற வரம்போடு. தொகையைக் குறைத்ததைவிட, அதைக் கொடுத்து முடிக்கும் வருஷங்களைக் குறைத்திருக்கலாம் என்பது என் கட்சி. கலிஃபோர்னியாவில் மாநில கிரெடிட்டை 4 வருஷத்தில் கொடுத்து முடிக்கிறார்கள். சீக்கிரம் கிடைக்கும் பணத்துக்கு முதலீட்டாளர் கூடுதல் விலை தருவார். அதே தொகையில் இன்னும் நாலு வீடு எழும்பும்.

இதில் எனக்கு இன்னொரு மனக்குறையும் உண்டு. இப்படிக் கட்டிய ஒரு கட்டடத்தில் குடியிருப்பவர்களின் வருமானச் சான்றுகளைச் சரிபார்ப்பது என் வேலை என்று சொல்லியிருக்கிறேனே. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள், முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறவர்கள், பேரப்பிள்ளைகளை வளர்க்கும் பாட்டிகள். குடிவந்த பிறகு சம்பளம் ஏறினால் அதற்காக யாரையும் வெளியேற்ற மாட்டார்கள். அது நல்ல விதி. ஆனால் வாடகையை அவரவர் வருமானத்தைப் பார்த்து வைப்பதில்லை. பெரும்பாலும் அந்த வட்டாரத்து நடுமட்ட வருமானத்தில் 60 சதவீதத்தை வைத்து உச்ச வாடகையைக் கணக்கிடுகிறார்கள். அதில் பாதிதான் சம்பாதிக்கும் ஒருத்திக்கு அந்த வாடகையும் மலைதான். வாடகை உதவி வவுச்சரும் சேர்ந்து கிடைத்தால்தான் அவளால் உள்ளே வர முடியும், அந்த வவுச்சருக்கோ நீண்ட வரிசை. மாநிலம் கொடுக்கும் கூடுதல் கிரெடிட்டை இப்படிப்பட்டவர்களின் வாடகையை இறக்கத்தான் செலவிட வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து சொல்கிறேன். சொல்லிக்கொண்டுதான் இருப்பேன்.

நம்ம ஊர் வருமான வரிச் சட்டத்தின் 80-ஐபிஏ பிரிவு இதே மாதிரிதானா என்று கேட்டாய். பெரிய வித்தியாசம் உண்டு. 2016-இல் வந்த அந்தப் பிரிவு, சின்ன வீடு கட்டி விற்பவரின் லாபத்துக்குக் கொடுத்த வரி விலக்கு. விற்று முடித்தால் அவர் வேலை முடிந்தது. இங்கே குறைந்தது 30 வருஷம் குறைந்த வாடகைக்கே விட வேண்டும் என்று கட்டிப்போடுகிறார்கள். கோயம்புத்தூரில் அந்தச் சலுகையில் வந்த வீடுகளை யார் வாங்கினார்கள், இப்போது யார் குடியிருக்கிறார்கள் என்று உன் பழைய ஆபீஸில் யாருக்காவது தெரியுமா? விசாரித்து எழுது.

வலிக்கு நீ சொன்ன தைலத்தின் பெயர் மறந்துவிட்டது, அதையும் எழுது.

உன்
வசந்தி