மூன்றாவது துளை

கும்பகோணம்

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து காலையில் குளக்கரை வரை நடக்கிறாய் என்பது நல்ல செய்தி. மாடியில் சோலார் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகப் போடு. அதற்கு முன்னால் உன் வீட்டுச் சுவருக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடு. நான் எல்லாவற்றையும் தலைகீழாகச் செய்தவன்.

முதலில் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கினேன். 2000 வாட், ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதை மிக்ஸி மாட்டும் 6 ஆம்பியர் பிளக்கில் ஓர் அடாப்டரை வைத்துச் செருகினேன். மூன்றாம் நாள் சாம்பார் கொதிப்பதற்குள் சுவிட்ச் போர்டு கருகியது. எலக்ட்ரீஷியன் வந்து போர்டைக் கழற்றிப் பார்த்துச் சிரித்தார். பிளக்கின் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! அப்பா வீடு கட்டிய நாளிலிருந்து கசியும் மின்சாரத்தை மண்ணுக்குள் இறக்கும் எர்த் கம்பி அங்கே இருக்கிறது என்று நம்பி, ஈரக் கையோடு கிரைண்டரைத் தொட்டுக்கொண்டிருந்திருக்கிறோம்.

பிறகு கொல்லையில் குழி தோண்டிக் கரியும் உப்பும் போட்டு எர்த் இறக்கினோம். அடுப்புக்கும் ஹீட்டருக்கும் மெயினிலிருந்தே தனித்தனிக் கம்பி, 16 ஆம்பியர் பிளக். பீங்கான் ப்யூஸ்களைத் தூக்கிவிட்டு, சுமை மீறினால் மின்சாரத்தை நிறுத்தும் எம்.சி.பி.களும், 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே நிறுத்தும் ஆர்.சி.சி.பி.யும் வைத்தோம். ஆர்.சி.சி.பி. நாளுக்கு நான்கு முறை விழுந்து மின்சாரத்தை நிறுத்தியது. "எடுத்துவிடலாம் சார், தொல்லை" என்றார் ஒருவர். நல்லவேளை, கேட்கவில்லை. குளியலறைச் சுவரின் ஈரத்தில் பழைய கம்பி கசிந்துகொண்டிருந்தது. அதை மாற்றியதும் ஆர்.சி.சி.பி. வாயை மூடிக்கொண்டது.

செலவுக்கு உடனே பலன் தந்தவை மின்விசிறிகள்தான். பழையது 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் வைத்த புதிய விசிறி 30 வாட். நான்கு விசிறி, நாளுக்கு 12 மணி நேரம் என்று போட்டுப் பார்: ஒரு பில்லுக்கு, அதாவது 60 நாளில், 130 யூனிட் மிச்சம். மாடியில் உடைந்த தட்டோடுகளை மாற்றி வெள்ளைப் பூச்சு அடித்ததில் மதியத் தூக்கமும் திரும்பியது. ஈயச்சொம்பு மட்டும் இண்டக்‌ஷனில் வேலை செய்யாது. ரசத்துக்காக ஒரு சிலிண்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. அதில் என் மனைவியோடு வாதாட எனக்குத் தெம்பில்லை.

கடைசியாகத்தான் சோலார். மேற்கே நிற்கும் தென்னை மூன்று மணிக்கு மேல் பேனல்மீது நிழல் விழச்செய்யும், வெட்டிவிடுங்கள் என்றார் பொருத்த வந்தவர். ஒரு பேனலில் நிழல் விழுந்தால் அதோடு வரிசையாக இணைத்தவையும் சுணங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது அம்மா வைத்த மரம். கிழக்கு ஓரமாக நகர்த்தி 2 கிலோவாட்டோடு நிறுத்திக்கொண்டேன். மத்திய அரசின் மானியம் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், இரண்டுக்கு 60,000. மீதி 18,000 தென்னைக்குப் போயிற்று.

பொங்கலுக்கு வா, இளநீர் வெட்டித் தருகிறேன். வரும்போது உன் வீட்டு மெயின் போர்டைத் திறக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டு வா.

உன்,
ராமு