தானாக வந்துவிடுமா மொழி?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரக் கல்வி இணைப்பில், வெளிமாநிலக் கல்லூரிகளில் சேரும் பிள்ளைகளுக்கான ஆலோசனைகளுக்கு நடுவே ஒரு வரி இருந்தது. "மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம், மூன்று மாதத்தில் தானாக வந்துவிடும்." அதைப் படித்த அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை. அதை எழுதியவர் ஒரு பிள்ளையைக்கூட அப்படி ரயில் ஏற்றிவிட்டிருக்க மாட்டார்.

நான் ஏற்றிவிட்டவள். 2016-இல் என் மகளுக்கு ஒடிசாவில் ஒரு பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்தது. ராமேஸ்வரம்–புவனேஸ்வர் வண்டி நம் காரைக்குடி வழியாகத்தான் போகிறது என்பதே அப்போது எனக்குப் பெரிய ஆறுதல். இந்தியில் மத்யமா வரை தேறியவள், சமாளித்துக்கொள்வாள் என்று உறவுக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள். போன இரண்டாம் வாரமே காய்ச்சல், மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். வார்டில் வேலை பார்த்த வயதான அம்மாள் ஒருவர் இவள் நெற்றியைத் தொட்டு, 'முண்ட' என்று தொடங்கி ஏதோ கேட்டிருக்கிறார். நம் பக்கம் அந்தச் சொல்லை யாரைத் திட்டச் சொல்வார்கள் என்று தங்களுக்குத் தெரியும். இவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதிருக்கிறாள். ராத்திரி போனில், "அம்மா, காய்ச்சலோட கிடக்கிறவளைக்கூட இங்க திட்டுறாங்க" என்றாள். மறுநாள் காலையில் குளியலறைக்குப் போகும் வழியில் மயங்கி விழுந்து, தாடையில் நான்கு தையல்.

ஒடிய மொழியில் முண்ட என்றால் தலை. தலை சுற்றுகிறதா என்றுதான் அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். கூடப் படிக்கும் பெண் ஒருத்தி சொல்லி இது இவளுக்கு விளங்க ஒரு மாதம் ஆனது. அதற்குள் அந்த அம்மாளைத் தேடிப் போனால், வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். மகள் இன்றைக்கும் அதைச் சொல்லி வருத்தப்படுவாள்.

செட்டிநாட்டைப் பற்றித் தங்கள் இதழ் எழுதும்போதெல்லாம் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும்தான் வருகின்றன. அந்தத் தேக்கு எப்படி வந்தது என்று ஒருவராவது கேட்டாரா? எங்கள் ஐயா 13 வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது வட்டிக்கடையில் எடுபிடி வேலை பழகும் பையனாக, இரங்கூன் போனவர். ஒரு வார்த்தை பர்மியம் தெரியாது. நம் செட்டியார்கள் சேர்ந்து தங்கித் தொழில் பார்த்த மொகல் தெருக் கிட்டங்கியில் இறங்கிய அன்றே, அடுத்தாள் என்கிற மூத்த உதவியாளர் ஒருவர் பக்கத்தில் உட்காரவைத்து, தமின் என்றால் சோறு, யே என்றால் தண்ணீர் என்று ஆரம்பித்தாராம். காலையில் பத்துச் சொல், அதை ராத்திரி ஒப்பித்தால்தான் படுக்கை. மூன்று வருட வேலைத் தவணை முடிந்து ஊர் திரும்பியபோது பர்மாக்காரர்களோடு வழக்கே பேசும் அளவுக்கு வந்துவிட்டார். தானாக வரவில்லை ஐயா, ஒருவர் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்து வந்தது. இன்றைக்குப் பிள்ளைகளுக்கு அப்படி ஒரு கிட்டங்கி எங்கே இருக்கிறது?

நம் ஊருக்கு வரும் பிள்ளைகளையும் அப்படித்தானே விட்டிருக்கிறோம்? வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேருவை அழைத்துவந்து மின்வேதியியல் ஆய்வகத்துக்கு அடிக்கல் நாட்டவைத்தது நாலா திசையிலிருந்தும் படித்தவர்கள் இங்கே வரட்டும் என்றுதானே? வருகிறார்கள். வந்து நம் ஜங்ஷனில் பெட்டியோடு நிற்கிறார்கள். எந்த டவுன் பஸ் எங்கே போகிறது என்று தெரியாமல், ஆட்டோவில் கேட்ட காசைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். பஸ் பலகையில் தமிழுக்குக் கீழே ஆங்கிலத்திலும் ஊர்ப்பெயர் இருக்கட்டும் என்று இரண்டு வருடத்துக்கு முன்பு தங்களுக்கு எழுதினேன். தமிழை எடுக்கச் சொல்லவில்லை. அந்தக் கடிதம் வெளியாகவில்லை. இடம் இல்லை என்று ஒரு வரி தெரிவித்திருந்தால் மனது ஆறியிருக்கும்.

நான் கல்லூரிச் சாலைப் பக்கம் சின்னதாக மெஸ் நடத்துகிறேன். பீகார்ப் பையன் ஒருவன் முதல் நாள் இலையில் உட்கார்ந்தான். பரிமாறுகிற தம்பி சோற்றை வைக்க வைக்க இவன் "பஸ், பஸ்" என்றான். தம்பி கரண்டியோடு வாசலைக் காட்டி, "பஸ் அங்கிட்டு நிக்கும்" என்று சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி வைத்தான். பையனுக்கு முகம் சிவந்துவிட்டது. பாதிச் சோற்றோடு இலையை மூடிவிட்டு எழுந்து போனவன், நான்கு நாள் வரவே இல்லை. இந்தியில் 'பஸ்' என்றால் போதும் என்று மகள் போனில் சொன்ன பிறகுதான் எனக்குப் புரிந்தது. நானே அவனைத் தேடிப் போய்க் கூட்டி வந்தேன்.

அப்புறம் அவனையே உட்காரவைத்து, போதும், இன்னும் கொஞ்சம், காரம் வேண்டாம், தண்ணீர், தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்று இருபது சொற்களை இந்தி எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். ஒடியா, வங்காளி எழுத்துகளில் அடுத்தடுத்து வந்த பிள்ளைகள் எழுதித் தந்தார்கள். பரிமாறுகிற தம்பியும் அதைப் பார்த்துப் பார்த்தே பாதி கற்றுக்கொண்டான். இதற்கு ஆன செலவு நான்கு தாளும் கொஞ்சம் பசையும்.

நான் கேட்பது இவ்வளவுதான். அடுத்த இணைப்பில் அந்த வரியைத் திருத்துங்கள். கல்லூரி திறக்கும் வாரத்தில் ஒரே ஒரு பக்கம், வெளியே போகும் நம் பிள்ளைகளுக்குத் தெலுங்கு, கன்னடம், ஒடியா, இந்தி ஆகியவற்றில் இருபது இருபது சொற்களைத் தமிழ் எழுத்தில் அச்சிடுங்கள். அதில் உடம்பு சம்பந்தமான சொற்கள் முதலில் வரட்டும். என் சுவரில் உள்ள தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறையாவது கிடைத்தது என்று ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகி,
செக்காலை, காரைக்குடி.