ஓர இருக்கை

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுவது சனிக்கிழமையோடு முடிகிறது. இந்த முறையும் உனக்கு விடுப்பு கிடைக்கவில்லை என்று அம்மா சொன்னாள். வேலை என்றால் அப்படித்தான். இது மூன்றாவது முறை என்பதை நான் எண்ணிக்கொண்டிருக்கவில்லை.

தம்பி ஒரு புகைப்படம் காட்டினான். உன்னோடு வேலை பார்ப்பவர்கள் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நீ மட்டும் பின்னால் சுவரில் சாய்ந்து நிற்கிறாய். புடவை நன்றாக இருக்கிறது.

என்றைக்காவது எங்காவது கிளம்பினால் உதவுமே என்று சில விஷயங்களை எழுதுகிறேன். எல்லாம் உனக்குத் தெரிந்தவைதான்.

காலை வண்டிக்கு டிக்கெட் எடுக்காதே. எழுந்ததும் உன் முதுகு இளகுவதற்கு ஒரு மணி நேரமாவது வேண்டும். அதற்குள் பெட்டியும் கையுமாக ஓடினால் அன்றைய பொழுது அதோடு போயிற்று. மதியத்துக்கு மேல் கிளம்பு. நடைபாதையை ஒட்டிய ஓர இருக்கையாகக் கேள். உனக்கு ஜன்னல்தான் பிடிக்கும். அதற்காகத் தம்பியோடு நீ போட்ட சண்டைகள் எனக்கு மறக்கவில்லை. ஆனாலும் ஓர இருக்கையே வாங்கு. மணிக்கு ஒரு தடவை, யார் காலையும் மிதிக்காமல் எழுந்து நடக்கலாம்.

விமானத்தில் போனால் ஊசியைப் பெரிய பெட்டியில் வைத்து அனுப்பிவிடாதே. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கவேண்டிய மருந்து. சரக்குப் பகுதியில் உறைந்துவிடலாம். உறைந்ததை உருக வைத்துப் போட்டுக்கொள்ளவும் கூடாது. ஐஸ் பொதியில் நேராக ஒட்டாமல் நடுவே ஒரு துணியைச் சுற்று. மருத்துவரின் கடிதமும் கைப்பையிலேயே இருக்கட்டும். மாத்திரையை இரண்டு பைகளில் பிரித்து வை. வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே. இதை நான் சொல்லாத நாளில்லை என்று நீ சிரிப்பாய், சிரி. போய்ச் சேர்ந்த மறுநாள் ஒரு வேலையும் வைத்துக்கொள்ளாதே. முக்கியமாக, ஓர இருக்கை.

போன மாதம் நீ விமானத்தில் போய் அத்தனை பேர் முன்னால் பேசிவிட்டு வந்ததைத் தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிவிட்டேன். அங்கே போக முடிந்தது, இங்கே வர முடியவில்லையா என்று ஒரு நிமிடம் தோன்றியதும் உண்மை. அந்த வரியை அடிக்காமல் அப்படியே விடுகிறேன்.

சக்கர நாற்காலி கேட்கக் கூச்சப்படாதே. டிக்கெட் எடுக்கும்போதே சொல்லிவைத்தால் வாசலிலேயே வந்து கூட்டிப்போவார்கள். உனக்கு நடப்பது சிரமமில்லை, வரிசையில் அசையாமல் நிற்பதுதான் சிரமம். 'நல்லாத்தானே நடக்கிறாள், இவளுக்கு எதற்கு இது' என்று பார்ப்பவர்கள் பார்க்கட்டும். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். முதலில் உன்னை அப்படிப் பார்த்தவன் நான்தானே.

அந்த இரவு ரயிலைப் பற்றி நாம் பேசியதே இல்லை. உனக்கு அப்போது 17 வயது. இரண்டரை மணி இருக்கும், விழித்துப் பார்த்தேன், மேல் படுக்கையில் நீ இல்லை. நீல விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுத் தொட்டு, வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தாய். எழுந்து வந்து உன் மணிக்கட்டைப் பிடித்தேன். "நாடகம் போதும், படு" என்றேன். எதிரே படுத்திருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். எனக்கு அவர் முன்னால் வெட்கமாக இருந்தது. நீ ஒரு வார்த்தை பேசாமல் ஏறிச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாய். காலையில் இறங்கும்போது ஏணியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்றாய். அதற்கும் திட்டினேன்.

முதுகெலும்பை இறுக வைக்கும் இந்த வாத நோய் பின்னிரவில் ஆளை எழுப்பும், படுத்தால் கூடும், நடந்தால் குறையும் என்று மருத்துவர் விளக்கியபோது உனக்கு 24. அங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற பெயரைத் தாளில் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் ஒரே மூச்சில் சொல்ல வரவில்லை. அன்று அவர் அறையில் நான் குடையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேனே, குடை என் மடியில்தான் இருந்தது. உன் உடம்பு தானே கண்டுபிடித்த வைத்தியத்தை நான் கையைப் பிடித்து நிறுத்தியிருக்கிறேன். அதன் பிறகும் ஏழு வருடம் 'அசையாமல் படுத்து ஓய்வெடு, சரியாகிவிடும்' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

விடுப்பு கிடைக்காவிட்டால் போகட்டும், நான் வருகிறேன். அம்மாவுக்கு மருந்து விடுவது முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமை இரவு வண்டியில் கிளம்ப முடியும். ஸ்டேஷனுக்கு வந்து நிற்காதே, விலாசம் என்னிடம் இருக்கிறது. வரவேண்டாம் என்றாலும் அதை எழுது, பேசாமல் இருந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா