மும்தாஜுக்கு, பாம்பனிலிருந்து

அன்புள்ள மும்தாஜ்,

நலம். நீயும் பிள்ளைகளும் சுகம் என்று ஜெசிந்தா சொன்னாள். வாப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நீ கொடுத்தனுப்பிய தொதல் வந்தது. டப்பா பாதியாகத்தான் வந்தது. மீதியைப் பற்றி ஜெசிந்தாவிடம் விசாரித்துக்கொள். ஆறாம் நம்பர் வார்டில் இருந்த புத்தி அவளுக்கு இன்னும் போகவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். நீ பாதியில் "கிளாஸுக்கு நேரமாச்சுடி" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உட்கார்ந்து முழுதாகப் படி.

அந்தோணி அண்ணனின் சின்ன மகனைக் கடல்பாம்பு கடித்துவிட்டது. பயப்படாதே, பிழைத்துவிட்டான். வடகடலில் வலை வாங்கிக் கரைக்கு வந்து, மீனைப் பிரிக்கும்போது வலைக்குள் பாம்பு இருந்திருக்கிறது. எப்போதும் போலக் கையால் எடுத்து வீசப் போயிருக்கிறான். விரலில் கடி. "வலியே இல்லக்கா, கெளுத்தி முள்ளு குத்துன மாதிரி கூட இல்ல" என்று பின்னால் என்னிடம் சொன்னான். வீக்கமும் இல்லை. கூட இருந்தவர்கள் தங்கூசி நைலான் நூலால் மணிக்கட்டை இறுகக் கட்டி ஒரு டாக்டரிடம் கூட்டிப் போயிருக்கிறார்கள். அவர் வீக்கம் இல்லையே என்று டெட்டனஸுக்கான ஒரு டி.டி. ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யார் என்று கேட்காதே. அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

இரண்டு மணி நேரம் கழித்து எங்கள் சுகாதார நிலையத்துக்குத் தூக்கி வந்தார்கள். கழுத்து, தொடை, முதுகு என்று உடம்பெல்லாம் வலி; தொட்டாலே கத்தினான். தாடை இறுகி வாய் திறக்க முடியவில்லை. கண் இமை பாதி இறங்கிவிட்டது. 108 வந்து ஏற்றும்போதே மூச்சு மேலோட்டமாகிவிட்டது. எங்களிடம் பயிற்சிக்கு வந்திருக்கும் கடைசி வருட நர்சிங் மாணவி கூடவே ஏறினாள். மண்டபம், உச்சிப்புளி தாண்டி ராமநாதபுரம் போய்ச் சேரும் வரை அவளும் வண்டியில் இருந்த தம்பியும் மாற்றி மாற்றி, கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் ஆம்பு பையை அழுத்தியிருக்கிறார்கள். அங்கே போனதும் வென்டிலேட்டர். சிறுநீர் கறுத்துப் போய் டயாலிசிஸும் செய்ய வேண்டியிருந்தது. இப்போது கஞ்சி குடிக்கிறான். அவனுடைய அம்மா அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை.

அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை, மும்தாஜ். நாம் படித்தபோது பாம்புக்கடி என்றால் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இந்த நான்கோடு பாடம் முடிந்தது. நம் நாட்டு விஷமுறிவு மருந்தும் இந்த நான்கு விஷத்துக்கு எதிராகத்தான் தயாராகிறது. 1978இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தார் வடநெம்மேலியில் அதற்கு விஷம் எடுத்துக் கொடுக்கிறார்கள். பாம்பு பிடிக்கும் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023இல் பத்மஸ்ரீ கொடுத்தபோது நீதானே முதலில் போன் செய்தாய்! அந்த மருந்து எத்தனையோ உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. கடல்பாம்புக்கு மட்டும் அது கேட்காது. கடல்பாம்புக்கான மருந்து ஆஸ்திரேலியாவில் தயாராகிறது, இங்கே கிடைப்பதில்லை. இவ்வளவு நீளக் கடற்கரையை வைத்துக்கொண்டு!

அப்புறம் தேடித் தேடிப் படித்தேன். பினாங்கில் ரீட் என்று ஒரு டாக்டர் இருந்திருக்கிறார். மீனவர்களுக்கு ஏற்படும் கடல்பாம்புக் கடியையே வருடக்கணக்காகக் கவனித்தவர். இந்த விஷம் தசையைச் சிதைக்கிறது, அதனால்தான் சிறுநீர் கறுக்கிறது என்று 1961இலேயே எழுதிவிட்டார். சிதைந்த தசையிலிருந்து வரும் புரதம் சிறுநீரகத்தை அடைக்கும், பொட்டாசியம் ஏறி இதயத்தையும் நிறுத்தும். கடிபட்ட பெரும்பாலோருக்கு விஷமே ஏறுவதில்லை என்பதும் அவர் பார்த்ததுதான். நம் ஊரில் "கடல்பாம்பு கடிச்சா ஒண்ணும் ஆகாது" என்கிறார்களே, அந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பலருக்கு ஒன்றும் ஆகாததால், ஆகிறவனையும் வீட்டில் படுக்க வைத்துவிடுகிறார்கள்.

மருந்தே இல்லாவிட்டாலும் மூச்சை நாம் தாங்கிப் பிடித்து, சிறுநீரகத்தையும் கவனித்தால் ஆள் தப்பிக்க வழி இருக்கிறது. இதற்கு நீ வகுப்பில் சொல்ல வேண்டிய கதை ஒன்று வைத்திருக்கிறேன். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மூச்சுத் தசை செயலிழந்து வந்த முதல் 31 பேரில் 27 பேர் இறந்துவிட்டார்கள். இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில் துளையிட்டு, குழாய் வைத்து, ரப்பர் பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்தலாம் என்றார். யார் அழுத்துவது? மாணவர்கள்! ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை போட்டு இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினார்கள். சாவு வேகமாகக் குறைந்தது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவே அங்கிருந்து வளர்ந்ததுதான் என்கிறார்கள். நம் கையில் இருக்கும் ஆம்பு பையும் அடுத்த சில வருடங்களில் அதே ஊரில்தான் பிறந்தது. உன் மாணவி உச்சிப்புளி ரோட்டில் செய்தது அதே வேலை. ஆமாம், உன் மாணவிதான். உன் கல்லூரிப் பெண் என்று எனக்கே மறுநாள்தான் தெரியும். பேர் சொல்ல மாட்டேன், நீயே கண்டுபிடி.

புது ஆராய்ச்சிகளும் நம்பிக்கை தருகின்றன. கடல்பாம்பின் நரம்பு விஷமும் நாகத்தின் நரம்பு விஷமும் ஒரே குடும்பத்துப் புரதங்கள். ஆகவே ஒன்றைத் தடுப்பது மற்றதையும் தடுக்கலாம் என்ற வழியில் போகிறார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் நிறுவனமும் சேர்ந்து, பல பாம்புகளின் நரம்பு விஷத்தைத் தடுக்கும் ஓர் எதிர்ப்புரதத்தை (ஆன்டிபாடி) 2024இல் வெளியிட்டார்கள். 2025 தொடக்கத்தில் அமெரிக்க விஞ்ஞானி டேவிட் பேக்கரின் குழு, இதே வகை விஷத்தைத் தடுக்கக் கணினியிலேயே வடிவமைத்த புரதங்களைக் காட்டியது. இரண்டும் இன்னும் எலிகளில் சோதிக்கும் அளவில்தான். வாரெஸ்பிளாடிப் என்று வாயால் சாப்பிடக்கூடிய மருந்து ஒன்றை நம் நாட்டிலும் பாம்புக்கடி நோயாளிகளிடம் சோதித்தார்கள். எதிர்பார்த்த முடிவு மொத்தமாக வரவில்லை. கடிபட்டு 5 மணி நேரத்துக்குள் பெற்றவர்களிடம் பலன் இருப்பதுபோலத் தெரிந்தது. படகிலேயே விழுங்க ஒரு மாத்திரை இருந்தால் எப்படி இருக்கும் என்று ராத்திரி தூக்கம் வராமல் யோசித்தேன்.

அது வரும்போது வரட்டும். 2030க்குள் பாம்புக்கடிச் சாவைப் பாதியாக்க வேண்டும் என்று 2024இல் மத்திய அரசு திட்டம் போட்டது. அதே வருடம் நம் மாநிலத்தில் பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். இதெல்லாம் வயலோடு நின்றுவிடக் கூடாது. இங்கே மரிக்கொழுந்துப் பாசி எடுக்க இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கும் பெண்களிடம் யார் போய்ச் சொல்வது? வீக்கம் இல்லையென்றாலும் ஆளைப் பல மணி நேரம் கண்காணிக்க வேண்டும், இமை இறங்குகிறதா, விழுங்க முடிகிறதா, சிறுநீர் என்ன நிறம் என்று பார்க்க வேண்டும் என்பதை, டி.டி. போட்டு அனுப்புகிறவர்களுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? நாம்தான்.

அதனால் கேட்கிறேன், மறுக்காதே. உன் மூன்றாம் வருடப் பெண்கள் சமூகப் பயிற்சிக்கு எங்கேயோ போகத்தானே வேண்டும்? இந்த முறை இங்கே கூட்டி வா. ஒருநாள் முழுக்க, மூச்சு கொடுக்கும் பயிற்சி. காலையில் நம் ஆட்களுக்கும் 108 தம்பிகளுக்கும். மாலையில் படகுக்காரர்களுக்கும் பாசிக்காரப் பெண்களுக்கும். அந்தோணி அண்ணன் மகன் தானே வந்து பேசுகிறேன் என்கிறான். அவன் பேசினால் கரை முழுக்கக் கேட்கும். எங்கள் டாக்டர் சரி என்றுவிட்டார். இடத்துக்குக் கோயில் மண்டபத்தைக் கேட்டிருக்கிறேன், பள்ளிவாசல் ஜமாத்திலும் சொல்லிவிட்டேன்.

மீன்பிடித் தடைக்காலத்தில் வந்தால் விசைப்படகு ஆட்கள் எல்லோரும் ஊரில் இருப்பார்கள். ஏப்ரல் 15க்குப் பிறகு ஒரு சனிக்கிழமையாகப் பார். மதுரையிலிருந்து காலை ரயிலில் ஏறினால் போதும், சாப்பாடு என் பொறுப்பு. எங்களிடம் பயிற்சிப் பொம்மை ஒன்றுதான் இருக்கிறது, அதுவும் காற்று நிற்காதது. உங்கள் லேபில் இருப்பதில் இரண்டையாவது கொண்டு வா. உங்கள் கல்லூரி முதல்வரிடம் அனுமதிக் கடிதம் வேண்டுமென்றால் யார் பெயருக்கு எழுத வேண்டும் என்று உடனே தெரிவி.

அன்புடன்,
செல்வராணி