முதலில் மொட்டைமாடி

நாகப்பட்டினம்,
மார்கழி 12

அன்புள்ள கமலா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மழை விடட்டும், வீட்டை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று வைத்திருந்தேன். அண்ணனுக்கு முட்டிவலி குறைந்திருக்கிறது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே அத்தைக்கு 83 முடிந்துவிட்டது. காதுதான் கொஞ்சம் மந்தம், மற்றபடி நன்றாக நடமாடுகிறார்.

தை பிறந்ததும் மாடுலர் கிச்சன் போடப் போகிறோம், நீ என்ன செய்யப் போகிறாய் என்று கேட்டிருந்தாய். எனக்கும் அந்த ஆசை இருந்தது. கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலை அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். மேடை மேல் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காங்கிரீட் சில்லு கிடந்தது. நிமிர்ந்து பார்த்தால் கூரையில் இரண்டு கம்பி வெளியே தெரிகிறது. ஸ்டூல் போட்டு ஏறித் தொட்டேன். செதில் செதிலாகத் துரு கையோடு வந்தது. தினமும் அந்த நேரத்தில் அத்தை அங்கே நின்றுதான் வெந்நீர் வைப்பார். அன்றைக்கு அசந்து தூங்கிவிட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு பதறுகிறது.

மேஸ்திரி வந்து கூரை முழுக்கச் சுத்தியலால் தட்டிப் பார்த்தார். கணீரென்று கேட்ட இடத்தை விட்டுவிட்டார், பொத்தென்று கேட்ட இடத்தில் எல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டார். பதினொரு வட்டம்! துருப்பிடித்தால் கம்பி ஊதிப் பெருக்குமாம், அந்த அழுத்தத்தில்தான் காங்கிரீட் விட்டுக்கொண்டு விழுகிறது. 1994-ல் வீடு கட்டியபோது எங்கள் உப்புத் தண்ணீரிலேயே கலவை போட்டார்கள். கடற்காற்று வேறு. அப்புறம் 2018 கஜா புயலில் பக்கத்துத் தென்னை விழுந்து கைப்பிடிச்சுவர் விட்டுப்போனது. அப்போது மேலாகச் சிமெண்ட் பூசியதோடு சரி. அந்த விரிசல் வழியாகத்தான் இத்தனை வருடமும் தண்ணீர் இறங்கியிருக்கிறது.

துரு மேலேயே சிமெண்டை அப்பிவிட்டால் இரண்டு மழையில் மறுபடி விழுந்துவிடும். விட்டுப்போன காங்கிரீட்டைக் கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி எடுக்க வேண்டும், துருவைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துருத்தடுப்பு அடித்து, பாலிமர் கலந்த கலவையால் அடைக்க வேண்டும். மெலிந்துபோன கம்பிக்குப் பக்கத்தில் புதுக்கம்பி கட்ட வேண்டும். கேட்ட பிறகுதான் இதற்கு 40,000 ஏன் ஆகிறது என்று எனக்குப் புரிந்தது.

கணக்கு நோட்டில் எழுதியதை அப்படியே சொல்கிறேன். மாசியில் முடிகிற சீட்டு 2,00,000, வங்கியில் டெபாசிட் 1,00,000. கையில் இருப்பது இவ்வளவுதான், கடன் வாங்குவதில்லை என்று அவரும் நானும் பேசி முடிவெடுத்துவிட்டோம். மொட்டைமாடி 850 சதுர அடி. பழைய தட்டோட்டை உடைத்து, வாட்டம் பிடித்து, கூலிங் டைல்ஸ் பதிக்க, சாமானும் கூலியும் சேர்த்து அடிக்கு 160 ரூபாய் வீதம் 1,36,000. கூரைக்கு அந்த 40,000. அத்தையின் குளியலறைக்கு 65,000. எர்த் சரிசெய்து, மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கிற ஆர்சிசிபி மாட்ட 22,000. 2003-ல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது தோண்டிய குழி மண்ணடைத்துக் கிடக்கிறது, அதைத் தூர்வார 4,000. ஆக 2,67,000. மீதி 33,000-ஐத் தொடாமல் வைக்கப் போகிறேன். பழைய வீட்டில் உடைத்துப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியும்.

வர்ணம் அடிக்க மட்டும் 1,10,000 கேட்கிறார்கள். மகளுக்கு மனவருத்தம்தான். ஆனால் ஓதம் காயாத சுவரில் பட்டி பார்த்து அடித்தால் அடுத்த ஐப்பசிக்குள் கொப்புளம் விட்டு உரிந்துவிடும். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு அடுத்த வருடம் அடித்துக்கொள்ளலாம்.

மகன் சோலார் போடச் சொல்கிறான். வீட்டுக் கூரையில் சோலார் போட மத்திய அரசு தருகிற சூர்ய கர் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 மானியம் உண்டு. இந்த வருடம் முடியாது. ஆனால் தகடு நிற்பதற்கான கால்பீடங்களை ஓடு பதிப்பதற்கு முன்பே கட்டிவிடச் சொல்லியிருக்கிறேன். பின்னால் வந்து புது ஓட்டில் துளை போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண். உன் மகனும் சோலார் பேச்சு எடுத்தானென்றால் இதை மறக்காமல் சொல்.

தையிலேயே ஆரம்பித்துவிடலாம் என்றிருக்கிறோம், சீட்டுப் பணம் வரும்வரை டெபாசிட் ஓடும். கூரையும் மாடியும் முதலில். பங்குனியில் குளியலறை: வழுக்காத டைல்ஸ், மேற்கத்திய கழிப்பறை, பிடித்து எழ இரண்டு கைப்பிடிக் கம்பி. கம்பியை எந்த உயரத்தில் வைப்பது என்று அத்தையையே உட்காரவைத்து, அவர் கை தானாகப் போன இடத்தில் பென்சிலால் கோடு போட்டுவிட்டேன். மே மாதம் பேரப்பிள்ளைகள் வருவதற்குள் முடித்தாக வேண்டும்.

கமலா, நீ மாடுலர் கிச்சனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய். சிங்க்குக்குப் பின்னால் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார். ஜில்லென்று ஈரம் தட்டினால் முதலில் குழாயைச் சரிசெய். ஈரச்சுவரில் பிளைவுட்டைச் சாத்திவைத்தால் இரண்டு வருடத்தில் உப்பிவிடும். நீ கல்யாணமான நாளிலிருந்து ஆசைப்பட்ட சமையலறை, அது கெட்டுப்போக எனக்கு மனசு வராது. விலைப்பட்டியலை எனக்கும் அனுப்பு, சேர்ந்து பார்க்கலாம்.

ஓடு பதித்து ஆறியதும் வடிகுழாயை அடைத்து, இரண்டு அங்குல உயரத்துக்கு இரண்டு நாள் தண்ணீர் கட்டி வைப்போம். கீழே ஒரு சொட்டு இறங்காமல் இருந்தால்தான் மேஸ்திரிக்குக் கடைசித் தவணை. மாசிக் கடைசியில் இருக்கும், தேதி எழுதுகிறேன். அண்ணனையும் கூட்டிக்கொண்டு வா, அத்தை உன்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

அன்புடன்,
வசந்தா